இரண்டாம் விதியின் விலை

திபிலிசியில் உலர்ந்த பாலம் என்று ஒரு பாலம்.
அதன் கைப்பிடிச் சுவர் நெடுக, சனிக்கிழமைகளில்,
செத்துப்போன ஒரு சாம்ராஜ்யம் சில்லறைக்குப் போகும்:
பதக்கங்கள், கரண்டிகள், ஒற்றைக் காலணி,
பல் பிடுங்கும் இடுக்கி.
இடுக்கியை நான் வாங்கவில்லை.
என்னிடம் ஏற்கெனவே ஆறு.

நான் பொய்ப்பல் கட்டுகிறவள். வயது ஐம்பத்திரண்டு.
மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு பிசகினாலும்
நாக்கு மன்னிக்காது என்று அறிந்தவள்.

அவன் பெயர் தோர்னிகே.
என் மகனாயிருந்தால் கடைக்குட்டியாயிருப்பான்.
கம்பளிக் குல்லாய், வாயில் சூரியகாந்தி விதை,
முன்னால் ஒரு ஸோர்க்கி நான்கு.
பள்ளியில் எங்கள் மேல் ஊற்றிய மொழியில்
அந்தச் சொல்லுக்குக் கூரிய பார்வை என்று பொருள்.
பார்வையின் ஓரத்தில் லேசாகப் பூஞ்சை.

நூற்றைம்பது லாரி என்றான்.
நூறு என்றேன்.
முதுகைக் கழற்றி, திரைத்துணியை வெயிலுக்கு எதிரே பிடித்தான்:
ஓட்டை ஒன்றுகூட இல்லை, பாருங்கள்.
நூறு என்றேன்.
அவன் விதைத்தோலைத் துப்பினான். நான் இரண்டடி நடந்தேன்.
நூற்றிருபது. பிலிம் சுருள் ஒன்று சேர்த்து.

நோட்டை எண்ணிக்கொண்டே சொன்னான்:
முதலில் முறுக்குங்கள். பிறகுதான் வேகத்தைத் திருப்புங்கள்.
மாற்றிச் செய்தால் உள்ளே பல் உடைந்துவிடும்.

பல் என்றானா, எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

ஒளிமானி கிடையாது. வெயிலென்றால் பதினாறு,
மேகமென்றால் எட்டு, எங்கள் மாடிப்படி என்றால் கடவுள்.
கண் வைக்கும் சதுரத்தின் நடுவில் ஒரு மஞ்சள் திட்டு.
அதற்குள் எல்லாரும் இரண்டிரண்டு பேர்.
லென்ஸைத் திருப்பித் திருப்பி
ஒருவரை மற்றவருக்குள் உட்கார வைக்கவேண்டும்.
அதற்குள் அவர் கொட்டாவி விட்டிருப்பார்.

ரொட்டி அடுப்புக்குள் பாதி உடம்பை விட்ட ஸாயிராவை எடுத்தேன்.
ஆற்றுக்கு மேலே தொங்கிய போர்வைகளை எடுத்தேன்.
என் பட்டறை ஜன்னலில் வரிசையாய்க் காயும்
இருபது வாய்களை எடுத்தேன்.
போலந்துக்கு, இறைச்சித் தொழிற்சாலை வேலைக்கு,
பேருந்து ஏறினான் தம்பி கோச்சா.
கண்ணாடிக்குப் பின்னால் கையாட்டியவர்கள் இரண்டு கோச்சாக்கள்.
ஒன்றாக்கினேன்.
அழுத்தினேன்.
பேருந்து நகர்ந்தது.

முப்பத்தாறு. இன்னும் முறுக்க வந்தது.
முப்பத்தேழு. கொசுறு என்று நினைத்தேன்.
நாற்பத்தொன்று. நல்ல பையன், தாராளமாகச் சுற்றியிருக்கிறான்.
நாற்பத்துநான்கில்
தண்ணீர்க் குழாயைப் படமெடுத்துக்கொண்டிருந்தபோது
என் கை நின்றது.

போர்வைக்குள் இருட்டு செய்து திறந்தேன்.
விரலுக்குத் தெரிந்தது:
ஏற்றிய இடத்திலேயே சுருள்,
எனக்கு நாக்கை நீட்டிக்கொண்டு.

அடுத்த சனிக்கிழமை.
முறுக்கும்போது இடப்பக்கக் குமிழ் சுற்றியதா? என்றான்.
சுற்றவேண்டுமா?
சுற்றினால்தான் உள்ளே பிலிம் நகர்கிறது.
அதை ஏன் சொல்லவில்லை?
முப்பது லாரி குறைத்தீர்களே அம்மா,
இரண்டாம் விதி அதில் போய்விட்டது.

பக்கத்துக் கடைப் பதக்கக்காரர்
சிரித்ததில் பதக்கங்கள் கிலுங்கின.
மேல்வரிசையில் இரண்டு இல்லை அவருக்கு. குறித்துக்கொண்டேன்.
முப்பது லாரியை எண்ணி வைத்தேன்.
தோர்னிகே எடுத்துக்கொண்டான். முழுதாக.
கொசுறு தரவில்லை.

இரவு கோச்சா கூப்பிட்டான்.
கையுறை போட்டும் விரல் மரத்துப்போகிறதாம்.
படம் எப்படி வந்தது? என்றான்.
நன்றாக வந்தது, நீ ஒரே ஆளாகத் தெரிகிறாய் என்றேன்.
பொய் கட்டுவது என் தொழில்.
வாயில் பொருந்தினால் போதும்.

அதே சுருள்தான். இன்னும் ஒரு வெளிச்சமும் படாதது.
நாக்கை இழுத்துப் பிளவில் சொருகி,
இரண்டு பல்லில் துளைகள் மாட்டியதைத் தொட்டுப் பார்த்து,
மூடி, பாலத்தில் நிற்கிறேன்.
முறுக்குகிறேன்.
இடப்பக்கக் குமிழ், தூக்கத்தில் புரள்கிறவனைப் போல,
கொஞ்சம் திரும்புகிறது.

எதிரே என்னென்னவோ நடக்கிறது.
யாரோ சமோவாரைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள்.
நான் இன்னும் கண்ணை வைக்கவில்லை.
மறுபடி முறுக்குகிறேன்.
குமிழைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.